எழுதப்படாத பூஜ்யங்கள்

கல்யாண வீட்டு வாசலில் பித்தளைத் தாம்பாளத்தை முன்னே வைத்துக்கொண்டு, முனைகளில் மஞ்சள் தடவிய நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மொய்க் கணக்கர், ஊரிலுள்ள அத்தனை பேர் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, வராதவர்களுக்கும் கொடாதவர்களுக்கும் நேரே வரிசையாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டு போவதில்லை. வந்தவரின் பெயர், ஊர், கொடுத்த தொகை, அவ்வளவுதான் அவர் எழுதுவது. நோட்டில் இல்லாத பெயர்களுக்கெல்லாம் தொகை பூஜ்யமே என்பது, பிற்பாடு அதைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. சாதாரணமான இந்தச் சிக்கனம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கணித சாஸ்திரத்தின் உயிர்நிலையாகவே ஆகி, சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற கணிப்பொறி உபாயம் லட்சக்கணக்கான செய்திகளையும் கடிதங்களையும் வகை பிரித்துக் கொடுப்பதற்கு மூலகாரணமாக இருந்தது என்பதும், அந்தச் சிக்கனத்தோடு கூடவே ஒரு தர்மசங்கடமும் வந்து சேர்ந்தது என்பதும், அந்தத் துறையில் பழகியவர்களுக்கு அப்பால் அதிகம் பேசப்படாத விஷயங்கள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பான்மையான கட்டங்களில் பூஜ்யமே நிரம்பியிருக்கும் அட்டவணையை ஆங்கிலத்தில் 'ஸ்பார்ஸ்' என்கிறார்கள். அதற்கு நம் பழைய சொல்லான 'ஐது' என்பதையே வைத்துக்கொள்ளலாம். அகராதி அதற்கு நெருக்கமின்மை என்று பொருள் சொல்கிறது. இலங்கையில் ஜனங்கள் அடர்ந்து வாழாத பிரதேசத்தை ஐதான குடித்தொகை உள்ள பிரதேசம் என்று இன்றும் எழுதுகிறார்கள். பத்தாயிரம் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, கட்டுரைக்கு ஒரு நிரையும், அவற்றில் வரும் வெவ்வேறு சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரலுமாக அட்டவணை போட்டு, இந்தச் சொல் இந்தக் கட்டுரையில் எத்தனை தரம் வருகிறது என்ற எண்ணை அந்தந்தக் கட்டத்தில் எழுதினால், எந்தக் கட்டுரையும் அகராதியின் மிகச் சிறிய பகுதியையே உபயோகிக்கிறது என்ற காரணத்தால், நூறு கட்டங்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பூஜ்யமாகவே இருக்கும். ஐதான தரவு என்றால் இதுதான்.

பூஜ்யத்தை எழுதாமல் விடும் கலை கணிப்பொறிக்கு வெகு காலம் முந்தியது. பாரிஸ் நகரில் சான் ழாக் மடத்தைச் சேர்ந்த டொமினிக்கத் துறவியர், ஹ்யூ என்பவரின் தலைமையில், லத்தீன் விவிலியத்தில் எந்தச் சொல் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு ஒன்றை ஏறக்குறைய 1230-ஆம் ஆண்டு தொகுத்தார்கள். ஒரு சொல் வராத இடங்களைப் பற்றி அந்தப் புஸ்தகம் ஒன்றுமே பேசாது. வரும் இடங்களின் எண்களை மட்டும் சொல்லுக்கு நேரே வரிசையாக அடுக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1967 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். சங்கப் பாடல்களில் ஒரு சொல்லைத் தேடி அத்தொகுதிகளைப் புரட்டிய மாணவர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, ஒரு மாபெரும் ஐதான அட்டவணையின், கணிதத்தார் பாஷையில் அணியின், ஒரு நிரலைப் படித்திருக்கிறார்.

சொல்லடைவு தொகுப்போரின் இந்தக் கைவேலை கணிதமாக மாறிய கதையில் மூவர் பெயரைச் சொன்னால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு கட்டுரையில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதே அக்கட்டுரையின் விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணத்தை 1957-இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் இருந்த காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார், எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டுமே வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற நியாயத்தை 1972-இல் எடுத்துக்காட்டினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டனும் அவருடைய சகாக்களும், ஒவ்வொரு கட்டுரையையும், சொல்லுக்கு ஒன்றாகப் பல்லாயிரம் பரிமாணங்கள் கொண்ட வெளியில் ஒரு வெக்டராகப் பாவித்து, இரண்டு கட்டுரைகளின் ஒற்றுமையை அவற்றின் இடையே உள்ள கோணத்தால் அளக்கும் முறையை 1975-இல் விளக்கினார்கள். கோணத்தை அளக்க இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல், அதாவது ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டுவது, வேண்டும். அந்தப் பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் என்ன இருந்தாலும் பலன் பூஜ்யமே. ஆகையால் பூஜ்யங்களைத் தொடாமலே கணக்கை முடித்துவிடலாம் என்ற சூக்ஷ்மம் சால்டன் காலத்திலேயே கைவந்துவிட்டது.

இதே சூக்ஷ்மம் வேறொரு வாசல் வழியாகவும் வந்தது. பங்குகளில் பணம் போடுவோர் தம் முதலை எப்படிப் பிரித்துப் போடவேண்டும் என்ற சித்தாந்தத்துக்காக 1990-இல் நோபெல் பரிசு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன், தொழிற்சாலைகளின் உற்பத்தியைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தபோது, அணிகளில் பூஜ்யங்களே நிறைந்திருப்பதையும், கணக்குப் போடும் வரிசையைச் சற்று யோசித்து அமைத்தால் அந்தப் பூஜ்யங்கள் இடையில் அழிந்துபோகாமல் காப்பாற்றலாம் என்பதையும் கண்டு, 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். பூஜ்யத்தைக் காப்பாற்றுவதா என்று வாசகர் வியக்கலாம். ஒரு நிரையை இன்னொரு நிரையோடு கூட்டும்போது, பூஜ்யம் இருந்த இடத்தில் ஏதோ ஓர் எண் முளைத்துவிடுகிறது. முளைத்தபின் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும், அதைப் பெருக்கவேண்டும், கூட்டவேண்டும். பூஜ்யம் செலவில்லாத குடித்தனம். அதைக் கலைத்தால் அன்றிலிருந்து செலவு ஆரம்பம். இந்தப் பாடத்தை, நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு தலைமுறை மறுபடியும் படிக்க நேர்ந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

சப்போர்ட் வெக்டர் மெஷின் பிறந்த கதைக்காக இப்போது மாஸ்கோவுக்குப் போகவேண்டும். ஸமர்கண்டில் கணிதம் பயின்று மாஸ்கோவில் கட்டுப்பாட்டு விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து சேர்ந்த விளாதிமிர் வாப்னிக், அலெக்சாந்தர் லெர்னர் என்பவரோடு சேர்ந்து 1963-இல், இரண்டு வகைப் பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் எல்லைக்கோட்டை வகுப்பதற்கு 'பொதுமைச் சித்திரம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அலெக்ஸி செர்வோனென்கிஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு கூட்டங்களுக்கு இடையே கோடு போடுவதற்கு எத்தனையோ வழிகள் இருக்க, அவற்றில் இரு பக்கத்துக்கும் அதிகபட்ச இடைவெளி விட்டுச் செல்லும் கோடே சிறந்தது என்பது அவர்களுடைய துணிபு. இரண்டு பங்காளிகளின் வீடுகளுக்கு நடுவே பாதை விடும் பஞ்சாயத்தார், பாதையை எவ்வளவு அகலமாக விடமுடியுமோ அவ்வளவு அகலமாக விட்டு, அதன் நடுவே எல்லைக்கல் நடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி நடும்போது பாதையை ஒட்டி நிற்கும் சுவர்கள் மாத்திரமே எல்லையைத் தீர்மானிக்கின்றன. பின்னால் இருக்கும் கொட்டிலையோ கிணற்றையோ யாரும் அளக்கவேண்டியதில்லை. அந்த விளிம்புச் சுவர்களைப் போல எல்லையை ஒட்டி நிற்கும் மாதிரிப் பொருள்களுக்கு, அதாவது உதாரணங்களுக்குத்தான், பிற்காலத்தில் சப்போர்ட் வெக்டர்கள், அதாவது தாங்கி நிற்கும் வெக்டர்கள், என்ற பெயர் ஏற்பட்டது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிட்டுப் போவது நல்லது. சப்போர்ட் வெக்டர் மெஷின் 'ஐதான' தீர்வைத் தருகிறது என்று புஸ்தகங்களில் எழுதியிருப்பதைப் படித்த மாணவர்கள், அது ஐதான தரவைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஆயிரம் உதாரணங்களில் ஐம்பது மாத்திரமே எல்லையைத் தாங்கி நிற்கின்றன என்பது தீர்வின் ஐது. ஒவ்வோர் உதாரணத்திலும் பல்லாயிரம் கட்டங்களில் எழுபது மாத்திரமே நிரம்பியிருக்கின்றன என்பது தரவின் ஐது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருந்தே தீரவேண்டும் என்ற நியதி இல்லை. சொல்லப்போனால், தரவு மிகவும் ஐதாக இருந்தால், ஒவ்வோர் உதாரணமும் தனக்கே உரிய அபூர்வச் சொற்களோடு தனித்தனியே நிற்பதால், உதாரணங்களில் பெரும் பகுதி சப்போர்ட் வெக்டர்களாகவே ஆகிவிடுவதும் உண்டு.

வாப்னிக்கும் செர்வோனென்கிஸும் 1971-இல் முழு வடிவில் வெளியிட்ட சித்தாந்தம், பார்த்த உதாரணங்களைக் கொண்டு பாராத உதாரணங்களைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு எப்போது நம்பத்தக்கது என்ற கேள்விக்கு விடை தேடியது. அந்த வழியில் விளைந்த பலன்களில் நம் கதைக்கு வேண்டியது ஒன்று: பாதை அகலமாக அமையும் பட்சத்தில், தவறு நேர்வதற்கான உச்சவரம்பு அந்த அகலத்தைப் பொறுத்து நிற்குமே ஒழிய, வெளியின் பரிமாணங்கள் பத்தா, பத்தாயிரமா என்பதைப் பொறுத்து நில்லாது. பரிமாணம் பெருகினால் சர்வநாசம் என்று மற்றப் புள்ளியியலார் நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது சாமானியமான அபயம் அல்ல. ஆனாலும் அந்த அபயம் யாருக்கு அதிகம் பயன்படும் என்பது, அதை அளித்தவர்களுக்கே இருபது வருஷத்துக்கு மேல் புலப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாப்னிக் 1990-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அமெரிக்கா சென்று, நியூஜெர்ஸி மாகாணத்து ஹோம்டெல் என்ற ஊரில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார். அங்கே பெர்ன்ஹார்ட் போஸர், இசபெல் கியோன் இருவரோடும் அவர் எழுதிய கட்டுரை 1992-இல் பிட்ஸ்பர்க் நகர மகாநாட்டில் வாசிக்கப்பட்டது. கொரின்னா கார்ட்டெஸ் என்பவரோடு எழுதிய கட்டுரை 1995-இல் வெளியாயிற்று. முதலாவது, வளைந்த எல்லைகளையும் நேரான எல்லைகளைப் போலவே வகுக்கலாம் என்று காட்டியது. இரண்டாவது, சில உதாரணங்கள் பாதையின் நடுவே வந்து நின்றாலும் சிறு அபராதம் விதித்துப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இளகிக்கொடுத்தது. அவர்கள் பரீக்ஷித்துப் பார்த்தவற்றில் முக்கியமானவை தபால் உறைகளின்மேல் கையால் எழுதிய எண்கள். நெட்டில் 16, குறுக்கில் 16 என்று 256 புள்ளிகளில் அடங்கும் படங்கள் அவை. புள்ளி ஒவ்வொன்றுக்கும் கருமையின் அளவு ஒன்று உண்டு. ஆக, இந்த யந்திரம் பால்யத்தில் வளர்ந்தது அடர்ந்த தரவின் நடுவே. ஐதான தேசத்துக்கு அது பின்னால்தான் குடியேறியது.

குடியேற்றியவர் ஜெர்மனியில் டார்ட்முண்ட் பல்கலைக்கழகத்திலிருந்த தோர்ஸ்டன் யோவாகிம்ஸ். ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் 1987-இல் தந்தி வழி அனுப்பிய செய்திகளில் 21,578 செய்திகளைத் திரட்டி, இது கோதுமையைப் பற்றியது, இது வட்டி விகிதத்தைப் பற்றியது, இது ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதைப் பற்றியது என்று ஆட்கள் குறியிட்டு வைத்த ஒரு தொகுப்பு உண்டு. அதில் 9,603 செய்திகளைப் பயிற்சிக்கும் 3,299 செய்திகளைப் பரீட்சைக்கும் ஒதுக்குவது வழக்கம். யோவாகிம்ஸ், மிகச் சாதாரணமான சொற்களையும் மூன்று தரத்துக்குக் குறைவாக வரும் சொற்களையும் தள்ளியபின், 9,962 வெவ்வேறு சொற்கள் எஞ்சின. பயிற்சிச் செய்திகளுக்கு மாத்திரம் அட்டவணை போட்டால் ஒன்பதரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள். ஒரு செய்திக்கு நூறு வெவ்வேறு சொற்கள் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும், நிரம்பியவை பத்து லட்சத்தை எட்டமாட்டா.

அந்நாளைய சம்பிரதாயம், இத்தனை சொற்களையும் வைத்துக்கொண்டு மாரடிக்காமல், மிகவும் பயனுள்ள சில நூறு சொற்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடு என்பது. யோவாகிம்ஸ் அந்தச் சம்பிரதாயத்தைக் கேள்வி கேட்டார். கேட்ட விதம் ரசிக்கத்தக்கது. சொற்களை அவற்றின் பயனுக்கேற்ப முதலாவதிலிருந்து 9,962-ஆவது வரை தரவரிசைப்படுத்தி, முதல் 200, அடுத்த 300 என்று கூறு கூறாகப் பிரித்து, கடைசிக் கூறில் 4,001 முதல் 9,962 வரை விழுந்த, குப்பை என்று மற்றவர்கள் கொட்டிவிடும் சொற்களை மாத்திரம் வைத்துக்கொண்டு, ஒரு சாதாரண முறையால் செய்திகளைப் பிரிக்கச் சொன்னார். பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேலாகவே பிரித்தது! குப்பையிலும் மணி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கோ சில செய்திகளில் மாத்திரம் தலைகாட்டினாலும், காட்டிய இடத்தில் கொஞ்சம் சாட்சி சொல்லிவிட்டே போகிறது என்பது இதனால் நிரூபணமாயிற்று. அப்படியானால் எதையும் எறியாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளக்கூடிய முறை வேண்டும். பரிமாணங்களைக் கண்டு அஞ்சாத முறை வேண்டும். மாஸ்கோவில் அளித்த அபயம் இங்கே பலித்தது. கெம்னிட்ஸ் நகரில் 1998-இல் நடந்த மகாநாட்டில் அவர் படித்த கட்டுரையின்படி, நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்ட மதிப்பெண்ணில், பழைய முறைகளில் சிறந்தது 82.3 பெற, சப்போர்ட் வெக்டர் மெஷின் 86-ஐத் தாண்டியது.

அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிச் சாலையில் சூசன் டுமைஸ், ஜான் பிளாட் முதலியோர், வகைக்கு 300 சொற்களைப் பொறுக்கி, சொல் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து, அதே தொகுப்பில் நல்ல பலன் கண்டார்கள் என்பதையும் நடுவுநிலைமை கருதிச் சொல்லவேண்டும். பொறுக்குவதா, முழுவதையும் வைத்துக்கொள்வதா என்ற விவகாரத்தில் என் வாக்கு யோவாகிம்ஸ் பக்கம். ஆனால் எதிர்க்கட்சி தோற்றுப்போய்விட்டது என்று சொன்னால் அது நியாயம் ஆகாது.

பிளாட் வேறொரு காரியமும் செய்தார். பெரிய கணக்கை, இரண்டே உதாரணங்களை மட்டும் ஒரு வேளைக்கு எடுத்துக்கொண்டு திருத்தும் சிறுசிறு கணக்குகளாக உடைத்துப் பயிற்சியளிக்கும் முறையை அந்த வருஷமே வெளியிட்டார். சிங்கப்பூரில் இருந்த சத்திய கீர்த்தியும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர்களும் சேர்ந்து அதில் கண்ட ஒரு குறையைத் திருத்தி எழுதியது 2001-இல் அச்சாயிற்று. பிளாட் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று ஜனத்தொகைக் கணக்கு. வயது, படிப்பு, உத்தியோகம் என்று ஓர் ஆளைப் பற்றிப் 14 விவரங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய விடைகளைத் தனித்தனி நிரலாக்கினால் மொத்தம் 123 நிரல்கள். ஒருவர் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் சொல்லமுடியும் என்பதால், ஆள் ஒருவருக்குப் 14 கட்டங்களுக்கு மேல் நிரம்ப வழியே இல்லை. சொற்களின் உலகத்துக்கு வெளியேயும் ஐது உண்டு என்பதற்கும், அதை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம் என்பதற்கும் இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சி-ஜென் லின் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர் சி-சுங் சாங்கும் இயற்றிய 'லிப்எஸ்விஎம்' என்ற மென்பொருள் உலகமெங்கும் பரவி, ஐதான தரவை எழுதும் ஒரு லிபியையே நிலைநாட்டிவிட்டது. அதை ஒரு வரியளவில் இங்கே காட்டுகிறேன்:

+1 12:1 407:2 9011:1

மொய் நோட்டில் ஒரு வரி போலத்தான் இதுவும். முதலில் உள்ளது தீர்ப்பு. இந்தச் செய்தி நாம் தேடும் வகையைச் சேர்ந்தது என்பதற்கு +1. பிறகு, 12-ஆவது சொல் ஒரு தரம், 407-ஆவது சொல் இரண்டு தரம், 9,011-ஆவது சொல் ஒரு தரம். இடையில் விடுபட்ட ஆயிரக்கணக்கான சொற்களைப் பற்றிப் பேச்சே இல்லை. எண்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும் என்ற கட்டளை ஒன்று உண்டு. அது அழகுக்காக ஏற்பட்டதன்று. இன்னொரு வரியில் 35, 407, 8,800 என்ற சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு வரிகளிலும் முதல் எண்ணின்மேல் ஒவ்வொரு விரலை வைத்து, சிறிய எண்ணின்மேல் இருக்கும் விரலை அடுத்ததற்கு நகர்த்திக்கொண்டே போனால், 12-ம் 35-ம் ஒத்துப்போகாமல் விலக, 407-இல் இரண்டு விரல்களும் சந்திக்கும். அங்கே பெருக்கிக்கொண்டு மேலே நகர்ந்தால், மிச்சம் எங்கும் சந்திப்பு நேராது. பத்தாயிரம் பெருக்கல்கள் நடக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெருக்கலில் வேலை தீர்ந்தது.

இந்தச் சிக்கனத்தின் அளவை ஒரு பெரிய உதாரணத்தால் காணலாம். ராய்ட்டர் ஸ்தாபனம் 1996, 1997-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 8,04,414 செய்திகளைக் கொண்டு 2004-இல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒழுங்கு செய்து தரப்பட்ட தொகுப்பில் சொல் நிரல்கள் 47,236. முழு அட்டவணைக்கு ஏறத்தாழ 3,800 கோடிக் கட்டங்கள்; கட்டத்துக்கு எட்டு பைட் என்று வைத்தால் 300 கிகாபைட்டுக்கு மேல் போகும். உண்மையில் நிரம்பியவை நூற்றுக்கு 0.16 பங்கே, அவற்றை மட்டும் இடமும் மதிப்புமாக எழுதி வைத்தால் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். லின் ஆசிரியரின் குழுவினர் 2008-இல் நேரான எல்லைகளுக்கென்றே தனியாக இயற்றிய 'லிப்லினியர்' என்ற மென்பொருள், சொல்லுக்கு ஒரு எடை என்ற ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு செய்தியைப் பார்க்கும்போது அதில் உள்ள சொற்களின் எடைகளை மட்டும் தொட்டுத் திருத்திவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது.

நேரான எல்லையே போதுமா, வளைந்த எல்லை வேண்டாவா என்று கேட்கலாம். வளைந்த எல்லைக்கு வழக்கமாகக் கையாளும் உபாயம் இரண்டு உதாரணங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நம்பியிருக்கிறது. ஐதான வெளியில் தூரம் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையின் வெக்டரையும் ஒரே நீளத்துக்கு, அதாவது ஒன்று என்ற நீளத்துக்கு, குறுக்கிவிடுவது வழக்கம். பொதுச்சொல் ஒன்றுகூட இல்லாத இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். அவற்றின் இடையே உள்ள தூரம் எப்போதும் 1.414 தான். ஒரு கட்டுரை மழையைப் பற்றியும் இன்னொன்று மாரியைப் பற்றியும் பேசினாலும் அதே தூரம். ஒன்று மழையைப் பற்றியும் மற்றொன்று மோட்டார் வண்டியைப் பற்றியும் பேசினாலும் அதே தூரம். எல்லோரும் சமதூரத்தில் நிற்கும் சபையில் அண்டைவீட்டார் யார், அயலூரார் யார் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நிரல்கள் மிகுந்த தரவுக்கு நேர்க்கோடே போதும் என்று லின் குழுவினர் தம் கைநூலில் எழுதினார்கள்.

நம் பாஷையில் இந்தச் சங்கடம் இன்னும் ஒரு படி ஏறிவிடுகிறது. வயல், வயலில், வயலுக்கு, வயல்களிலிருந்து, வயலோரத்தில் என்று வேற்றுமையும் பன்மையும் பிற சொற்களும் ஒட்டிக்கொண்டே போவதால், பிரிக்காமல் எண்ணினால் ஒவ்வொன்றும் ஒரு தனி நிரலாகி, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத அந்நியர்களாக யந்திரத்தின் கண்ணுக்குத் தெரிகின்றன. வினைச்சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆங்கிலச் செய்திகளில் கண்ட விகிதத்தை நம்பித் தமிழ்ச் செய்திகளில் இறங்குகிறவர், விகுதிகளைக் கழற்றிப் பகுதியை எடுக்கும் வேலையை முதலில் செய்துகொள்ளாவிட்டால், நிரல்கள் பெருகிப் பூஜ்யங்களின் கடலில் தத்தளிக்கவேண்டியதுதான்.

மார்க்கோவிட்ஸ் படித்த பாடத்துக்கு இப்போது வருவோம். பயிற்சிக்கு முன் எல்லா நிரல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நல்ல வழக்கம். ஒவ்வொரு நிரலிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துவிட்டு, பரவலால் வகுப்பது அதற்கு ஏற்பட்ட பொதுவான விதி. அடர்ந்த தரவுக்கு அது க்ஷேமகரமானது. ஐதான தரவுக்கு அதைச் செய்தால், பூஜ்யமாக இருந்த ஒவ்வொரு கட்டமும், கழித்த மறுகணமே, 'மைனஸ் இத்தனை' என்ற ஓர் எண்ணாகிவிடும். அந்தப் பெரிய ராய்ட்டர் அட்டவணையில் எழுதாமல் விட்டிருந்த ஏறத்தாழ 3,800 கோடிக் கட்டங்களும் உயிர்பெற்று எழுந்து இடம் கேட்கும். மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை என்று அளவு கட்டினாலும் இதே விபரீதம். பூஜ்யம் மைனஸ் ஒன்றாகிப் பெருகும். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை என்று கட்டினால் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசத்தை அறியாமல், இரவெல்லாம் ஓடியும் முடியாத கணக்கின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவும் செலவைப் பற்றிய பேச்சு. தர்மசங்கடம் என்று ஆரம்பத்தில் சொன்னது வேறு. மொய் நோட்டில் ஒருவர் பெயர் இல்லை. அவர் வரவில்லை என்று அர்த்தமா? வந்தும் கொடுக்கவில்லை என்று அர்த்தமா? அல்லது நேரே மணமகனின் தாயார் கையிலே உறையைக் கொடுத்துவிட்டுப் போனாரா? மூன்றுக்கும் நோட்டில் ஒரே அடையாளம், அதாவது அடையாளமின்மை. செய்திகளின் விஷயத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கோதுமை என்ற சொல் அந்தச் செய்தியில் இல்லையென்றால் இல்லைதான், அந்தப் பூஜ்யம் சத்தியமான பூஜ்யம். ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் ஒரு நோயாளிக்கு நேரே சர்க்கரை அளவு எழுதப்படவில்லை என்றால், அவருக்குச் சர்க்கரையே இல்லை என்றா கொள்வது? பரிசோதிக்கவே இல்லை என்பதல்லவா அதன் பொருள்? சினிமாப் படங்களுக்கு ரசிகர்கள் போடும் மதிப்பெண்களின் அட்டவணையும் செய்திகளின் அட்டவணையைப் போலவே ஐதானது. ஆனால் அங்கே காலியான கட்டம், மதிப்பெண் போடவில்லை என்கிறதே தவிர, படம் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. செய்திகளுக்காக ஏற்பட்ட லிபியில் இந்தத் தரவுகளையும் எழுதிக் கொடுத்தால், அறியாமை அத்தனையும் பூஜ்யம் என்ற நிச்சயமாக மாறி, யந்திரம் அந்தப் பொய் நிச்சயத்தின் மேலேயே தன் அகலப் பாதையை வெகு நேர்த்தியாக வகுத்துக் கொடுத்துவிடும். பிழை என்று ஓர் எழுத்தும் திரையில் வராது.

பின்வந்த தலைமுறை, சொற்களை நூறு இருநூறு பரிமாணங்கள் கொண்ட அடர்ந்த வெக்டர்களாக மாற்றி, மழையையும் மாரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டது. சப்போர்ட் வெக்டர் மெஷினின் கீர்த்தியும் அதனால் சற்று மங்கியது. ஆயினும் சொற்களை எண்ணி வகைப்படுத்தும் வேலைகளில், குறைந்த செலவில் நம்பகமான முதல் விடை வேண்டியவர்கள் இன்றும் அதனிடமே போகிறார்கள். அவர்கள் அதிகம் கையாளும் 'சைகிட்-லேர்ன்' என்ற மென்பொருளில், ஐதான அட்டவணை ஒன்றைக் கொடுத்துச் சராசரியைக் கழிக்கச் சொன்னால், அது முடியாது என்று மறுத்து அங்கேயே நின்றுவிடும். அதே அட்டவணையில் உள்ள பூஜ்யங்கள் இல்லாமையால் வந்தவையா, எழுதாமையால் வந்தவையா என்று அது கேட்பதில்லை.